அரை மணி நேரம்

தூங்கிவிட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளேயிருந்து வந்த சத்தம் நின்றுவிட்டதே, கவனித்தீர்களா? ஒரு மணி நேரமாக இந்த வராண்டா முழுக்கக் கேட்ட அழுகை. உங்கள் வீட்டுக்காரர்கூடத் தாங்க முடியாமல் எழுந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டார். அவருக்கும் இதே டெஸ்ட்தானா? பயப்பட ஒன்றுமில்லை, அம்மிணி. தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டுகிறார்கள். வலியே கிடையாது. பெரியவர்கள் என்றால் கண்ணை மூடிப் படுத்தால் போதுமாம். குழந்தை என்றால் தூங்கவைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். அந்த மிஷின்காரத் தம்பி பாட்டுப் போட்டுப் பார்த்தார். பெற்றவள் மடியில் போட்டுத் தட்டிப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

என் குழந்தை இல்லை. பேத்தியும் இல்லை. நான் பார்த்துக்கொள்கிற குழந்தை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் என் வீட்டில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். போர்டெல்லாம் கிடையாது. நாச்சம்மா வீடு என்றால் எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இப்போது மூன்று பேர். இரண்டு கைக்குழந்தைகள். மூன்றாவது இவள், கனிஷ்கா. மூன்றரை வயசு. கைக்குழந்தைகள் இரண்டையும் இன்றைக்கு எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இவள் அம்மா பெயர் முத்துப்பேச்சி. உள்ளே குழந்தை பக்கத்தில் இருக்கிறாள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். புருஷனுக்குச் சாயப்பட்டறையில் ராத்திரி வேலை. இவளுக்குத் தையல் மிஷினில் பகல் வேலை. காலையில் எட்டு மணிக்குக் குழந்தையை விட்டால் ராத்திரி எட்டரைக்கு வந்து தூக்கிக்கொண்டு போவாள். பாவப்பட்ட பெண். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தக் குழந்தை ராத்திரி தூங்குவதில்லை. எட்டு மாசமாக. பன்னிரண்டு ஆகும், ஒரு மணி ஆகும், ஒன்றரை ஆகும். கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு விளையாட்டு. விளக்கை அணைத்தால் அழுகை. தப்பித்தவறித் தூங்கினாலும் வெட்டி வெட்டி எழுந்துவிடுவாள். ஒற்றை ரூம். பெற்றவள் விடியும் முன்னே எழுந்து சோறாக்க வேண்டும். எத்தனை நாள்தான் தாங்கும் ஒரு உடம்பு? டாக்டர் பார்த்துவிட்டு, தலைக்குள் ஏதாவது கோளாறு இருக்கிறதா பார்த்துவிடலாம் என்று கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கோளாறு ஒன்றும் இருக்காது. எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியும் என்றால், எனக்குக் குழந்தைகளைத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கவைப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது, பெருமைக்குச் சொல்லவில்லை. என் வீட்டில் உத்தரத்தில் மூன்று தொட்டில் கட்டியிருக்கிறேன். மூன்றும் பழைய நூல் சேலை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு. கம்பெனியில் மிச்சமாகிற பனியன் துணியை முறுக்கிச் செய்த கயிறு, அதுதான் காலை அறுக்காது. மூன்று கயிற்றையும் சேர்த்து என் வலது கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கீழே பாயில் படுத்துவிடுவேன். காலை ஆட்டினால் மூன்றும் ஆடும். ஜன்னலில் கம்பளி தொங்கும். மத்தியானம் தயிர்சோறு நன்றாகப் பிசைந்து ஊட்டிவிட்டால் பன்னிரண்டரைக்கு ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது. நான் கண் அசந்தாலும் கால் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

மருந்து ஊற்றுவதில்லை, அம்மிணி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சளி மருந்தை ஊற்றித் தூங்கவைக்கிற இடம் எல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டில் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. சத்தியமாகச் சொல்வேன்.

மூன்றரை வயசுக் குழந்தைக்குத் தொட்டில் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கலாம். வாசலில் இறங்கினால் சாக்கடை, அதைத் தாண்டினால் ரோடு, லோடு வண்டி நிற்காமல் போகும். ஓடுகிற வயசு. தொட்டிலில் இருந்தால் பயமில்லை. அதோடு தூக்கம் நல்லதுதானே? தூங்கினால்தான் குழந்தை வளரும் என்று டாக்டரே சொல்கிறார்.

பன்னிரண்டரைக்குப் போட்டால் நான்கு மணிக்கு எழுவாள்.

ஆமாம். மூன்றரை மணி நேரம். தினமும்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். நான் பதினேழு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் ஃபுல் நைட். நானே கேட்டு வாங்கினேன், பகலில் பையனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நான்கு வயசு. ராத்திரி பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்வான். காலையில் நான் வந்ததும் அவனுக்குச் சோறாக்கி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். அருமையான பிள்ளை. அம்மா தூங்குகிறாள் என்றால் மூச்சு விடமாட்டான். டம்ளரைக் கீழே வைக்கும்போதுகூடத் துணி போட்டு அதன் மேல் வைப்பான், டங்கென்று சத்தம் வந்துவிடும் என்று. அவ்வளவு அனுசரணை. இப்போது ஓசூரில் இருக்கிறான். போன் பண்ணினால் எடுப்பான். அதிகம் பேசமாட்டான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மில்லை விட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ராத்திரித் தூக்கம் மட்டும் திரும்பி வரவே இல்லை. படுத்தால் மிஷின் சத்தம் காதுக்குள் ஓடும். எழுந்து உட்காருவேன், தண்ணீர் குடிப்பேன், தெருவைப் பார்ப்பேன், விடிந்துவிடும். தூங்காதவளுக்கு என்ன ஆகும் என்று தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. வாயில் வைப்பது ருசிக்காது. அடுப்பில் வைத்தது மறந்துபோகும். ஒன்றுமில்லாததற்கு அழுகை வரும். ஒரு தடவை பேருந்து நிலையத்தில் எந்தப் பஸ்ஸுக்கு வந்தோம் என்றே தெரியாமல் நின்றிருக்கிறேன். எனக்குத் தூக்கம் வருவது அந்த மத்தியானத்தில் மட்டும்தான். குழந்தைகள் மூச்சு விடுகிற சத்தத்தில், அந்த இருட்டில், காலில் கயிற்றோடு. அந்த மூன்றரை மணி நேரம்தான் எனக்கு.

போன ஆடியில் ஒருநாள் பேச்சி வந்து கேட்டாள். "யக்கா, இவ ராத்திரி ஒறங்கவே மாட்டேங்கா. பகல்ல ரொம்ப நேரம் ஒறங்குதாளோ?"

"எங்க கண்ணு தூங்கறா? அரை மணி நேரம். அதுக்குள்ள எந்திரிச்சுக்கறா."

வாயிலிருந்து வந்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னமோ. மூன்றரை மணி நேரம் என்றால் அவள் என்ன சொல்வாள்? தூங்கவைக்காதீர்கள் என்பாள். இந்தக் குழந்தை விழித்திருந்தால் ரோட்டுக்கு ஓடும். ஓடினால் நான் எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்தால்... அதுதான். அப்புறம் எனக்கு எது தூக்கம்?

ஒருமுறை சொல்லிவிட்டால் மறுநாளும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

"இருட்டுல எதையும் பாத்துப் பயந்திருப்பாளோ?" என்று கேட்டாள். "இருக்கும் கண்ணு" என்றேன். பள்ளிவாசலுக்கு மந்திரிக்கப் போனாள். நானும் கூடப் போனேன், அம்மிணி. அங்கே ஹஜ்ரத் ஓதிக் கொடுத்த கயிற்றை நான்தான் குழந்தை கையில் கட்டினேன். பேச்சி இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள், முடிச்சு விழவில்லை. "நீங்க கட்டுங்கக்கா, ஒங்க கைராசிக்குப் பிள்ள ஒறங்கட்டும்" என்றாள். கட்டினேன்.

பேச்சி எப்படி இருந்த பெண் தெரியுமா? வரும்போதே சத்தம் கேட்கும். "நாச்சம்மாவோவ், எம் புள்ளயத் தின்னுட்டீங்களா இல்ல மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள். மெல்ல மெல்லப் பேச்சு நின்றது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. தலை சீவாமல் வந்தாள். ஒருநாள் வலது காலில் அவள் செருப்பு, இடது காலில் புருஷன் செருப்பு. நான் சிரித்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

கார்த்திகையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தொடையில் பார்த்தேன். கன்றிப்போயிருந்தது. இரண்டு இடம். நகம் பதிந்திருந்தது. ராத்திரி அவள் வந்ததும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நாந்தான் கிள்ளிட்டேன்க்கா. ரெண்டு மணி வர சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. என்னப் பாத்து எதுக்குச் சிரிக்கான்னு ஆயிட்டு. கிள்ளுனதுக்கு அப்புறமும் என் கழுத்தத்தான் கட்டிக்கிட்டு அழுதா."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மறுநாள் அந்தக் காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். ரொம்ப மெதுவாகத் தடவினேன். அப்புறம் சோறு ஊட்டினேன். பன்னிரண்டரைக்குத் தொட்டிலில் போட்டேன்.

அன்றைக்காவது விழிக்கவைத்திருக்கலாம். அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அது என்ன மாதிரித் தூக்கமோ, எனக்கே புரியவில்லை.

தை மாசம் கம்பெனியிலிருந்து போன். மிஷினில் உட்கார்ந்தபடியே கண் அசந்திருக்கிறாள். ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி முறிந்துவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டுப் போட்ட கையை நீட்டிக்கொண்டு, "வலிக்கவே இல்லக்கா, ஊசி போட்டு ஒரு மணி நேரம் நல்லா ஒறங்குனேன்" என்கிறாள். முகத்தில் சந்தோஷம். அப்படியும் ஒரு சந்தோஷம் உண்டா, சொல்லுங்கள். இப்போது அவளை மிஷினில் உட்காரவிடுவதில்லை. நின்றுகொண்டு தைத்த துணியில் பிசிர் நூல் வெட்டுகிறாள்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஒரு டாக்டரம்மா விசாரித்துவிட்டுக் குழந்தையையும் கூட்டிவரச் சொன்னார். ஒரு தாள் கொடுத்தார். கட்டம் கட்டமாக, ஒரு நாளைக்கு இருபத்து நான்கு கட்டம். குழந்தை தூங்குகிற நேரத்துக்கெல்லாம் பேனாவால் கறுப்படிக்க வேண்டும். இரண்டு வாரம். ராத்திரிக் கட்டத்தை அவள் அடித்தாள். பகல் கட்டத்துக்கு என்னைக் கேட்டாள். தினமும் வாசலில் நின்றபடி, பேனாவை வைத்துக்கொண்டு.

"இன்னைக்கு எவ்வளவு நேரம்க்கா?"

"அரை மணி நேரம்."

பதினான்கு நாள் கேட்டாள். நானும் மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒருநாள் இருபது நிமிஷம். ஒருநாள் தூங்கவே இல்லை என்றேன். ஒரே ஒரு நாள், என்ன தோன்றியதோ, ஒரு மணி நேரம் என்றேன். சொல்லிவிட்டுப் பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சி அரைக் கட்டம் கூடுதலாகக் கறுப்படித்தாள், அவ்வளவுதான்.

அந்தத் தாளை வைத்துத்தான் டாக்டரம்மா இங்கே எழுதிக் கொடுத்தார். "பகல்லயும் தூங்கறது இல்ல, ராத்திரியும் இல்ல. இந்த வயசுக்கு இது ரொம்பக் கம்மி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இன்றைக்கு இந்த டெஸ்ட் முடிந்ததும் பெரிய டாக்டர் பார்த்து மாத்திரை எழுதுவாராம். தினமும் ராத்திரி கொடுக்க வேண்டுமாம். மூன்றரை வயசுக் குழந்தைக்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் யாரோ நான் யாரோ.

குழந்தை வாய் பேசுகிற குழந்தை. அது சொல்லாமல் இருக்குமா? ஒருநாள் பேச்சி சிரித்துக்கொண்டே வந்தாள். "யக்கா, நாச்சம்மா பகல்ல கொர்ரு கொர்ருன்னு குறட்ட விட்டு ஒறங்குதாம், இவளும் கூட ஒறங்குதாளாம். வீட்ல படுத்து நடிச்சுக் காட்டுதா."

"எனக்கேது கண்ணு பகல் தூக்கம்? புள்ள கதை கட்டறா."

"அதான பாத்தேன். மூணு பிள்ளைகள வச்சுக்கிட்டு நீங்க எங்க ஒறங்க?"

மறுநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதட்டவில்லை. கொஞ்சித்தான் சொன்னேன். "சாமி, நாம தூங்கறத அம்மாகிட்டச் சொல்லக் கூடாது. சொன்னா அம்மா உன்னை இங்க உடமாட்டா." அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவளாகவே வைத்தாள்.

ஒருநாள் இடையில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கைக்குழந்தைகள் தூங்குகின்றன. இவள் தொட்டில் சேலையைக் கொஞ்சம் விலக்கி, கண்ணைத் திறந்தபடி, அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். எவ்வளவு நேரமாகவோ. தூங்கவே இல்லை. சத்தம் போடாமல் கிடக்கிறாள். நான் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அப்படிக் கிடந்து கிடந்து, வேறு வழி இல்லாமல்தான் தூங்குகிறாள் போலிருக்கிறது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கினேன்.

இன்றைக்கு உள்ளே என்ன நடந்தது தெரியுமா? டெஸ்டுக்கு இங்கே வந்து தூங்க வேண்டும் என்பதற்காக, ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் தூங்கவிட வேண்டும், நான்கு மணிக்கு எழுப்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தாயிற்று. பஸ்ஸில் வரும்போது சொக்கிச் சொக்கி விழுந்தாள். கன்னத்தில் தட்டித் தட்டி விழிக்கவைத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கையால். இங்கே வந்து ஒயரை ஒட்டியதும் பயந்து அழ ஆரம்பித்தாள், அப்புறம் நிறுத்தவே இல்லை. என்னைக் கூப்பிட்டதும் போனேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். கண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அந்தக் கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது, காலால் கொஞ்சம் ஆட்டினேன். "ஆட்டாதீங்கம்மா, படம் கெட்டுப்போகும்" என்றார் அந்தத் தம்பி. ஆட்டவே வேண்டியிருக்கவில்லை. அதற்குள் தூங்கிவிட்டாள்.

அந்தத் தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். "தினமும் இந்த நேரம் தூங்கிப் பழகின பாப்பா போல?" என்றார்.

பேச்சிதான் பதில் சொன்னாள். "இல்ல சார். பகல்ல அரை மணி நேரந்தான். அக்கா சொன்னாவளே."

அவர் என்னைப் பார்த்தார். பேச்சி பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

சொல்லிவிடப் போகிறேன், அம்மிணி. முடிவு பண்ணிவிட்டேன். அவள் வெளியே வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவேன். டாக்டர் மாத்திரை எழுதுவதற்குள் சொன்னால் போதும். திட்டுவாள். திட்டட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போகட்டும். என்ன, மத்தியானத்தில்... சரி, விடுங்கள்.

கதவு திறக்கிறது. அவள்தான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

"என்ன கண்ணு, முடிஞ்சுதா?"

"முடிஞ்சிட்டுக்கா. தானா முழிக்கட்டும், எழுப்ப வேண்டாம்னுட்டாரு. நர்சு பக்கத்துல இருக்கா. கூப்பிடுவாங்களாம், டாக்டரப் பாக்க. இந்தாங்க, இந்தத் தாள நீங்களே வச்சுக்கிடுங்க. பகல் கதைய நீங்கதான் சொல்லணும், எனக்கு என்ன தெரியும்?"

"பேச்சி..."

"நீங்க இல்லன்னா இன்னைக்கு என்னக்கா செஞ்சிருப்பேன்? எங்கிட்ட ஒறங்க மாட்டேங்கா, ஒங்ககிட்ட ஒறங்குதா. பெத்தவ கையில என்ன கொறன்னு தெரியல."

"பேச்சி, நான் ஒண்ணு சொல்லோணும்."

பார்த்தீர்களா, அதற்குள் சாய்ந்துவிட்டாள். நான் சொல்லி வாய் மூடவில்லை, தலை என் தோளில் விழுந்துவிட்டது. இப்படித்தான், உட்கார்ந்த இடத்தில் போய்விடுகிறாள். என்ன கனம் பாருங்கள் இந்தத் தலைக்கு.

இப்போது எப்படி எழுப்புவது? எட்டு மாசமாகத் தூங்காத பெண். எழுப்பினால் பாவம் இல்லையா? ஆனால் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் இரண்டு பேரும் உள்ளே போவோம், டாக்டர் தாளைப் பார்ப்பார், என்னைக் கேட்பார். டாக்டர் முன்னால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

இப்படியே சொல்லிவிடுகிறேன். தூங்கினால் தூங்கட்டும். நான் சொன்னதற்கு நீங்கள் சாட்சி.

பேச்சி. கண்ணு. அவ பகல்ல மூணரை மணி நேரம் தூங்கறா. தினமும். நான் தூங்கறதுக்காவ அவளைப் போட்டு வச்சேன். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு புள்ளைக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்கு ஒரு கோளாறும் இல்ல. மாத்திரை வாங்காத.

சொல்லிவிட்டேன், அம்மிணி. கேட்டீர்கள் அல்லவா? மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

ஏன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்க்கிறீர்கள்? அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, இந்தப் பக்கம் தோளில் இருக்கிறது. கண் மூடித்தானே இருக்கிறது? சொல்லுங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டாம். தூங்குகிற மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை. அவள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

தலையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.